அலமாரியில் இருந்த இருக்கை

பந்தயக் கார் ஓட்டுகிறவர்களின் முகத்தை ஊரெல்லாம் பார்க்கும். முதுகைப் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்கியவள் மெத்தையக்கா ஒருத்திதான். யார் வந்து எதிரே நின்றாலும் முதலில் தோளைப் பார்ப்பாள், பிறகு இடுப்பைப் பார்ப்பாள், நேரமிருந்தால் முகத்தையும் பார்ப்பாள். பல பேருடைய பெயர் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. ஒருவருடைய முதுகும் மறந்ததில்லை.

மெத்தையக்கா என்பது மெக்கானிக்குகள் வைத்த பெயர். அதற்கு முன்னால் அவள் சோபாவுக்கு உறை தைக்கிற கடையில் இருந்தாள். தொழில் சுத்தம். ஆனால் வாயைக் கட்டத் தெரியாது. "இந்த சோபாவ தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்று வருகிறவர்களிடமே சொல்லிவிடுவாள். எந்த முதலாளி தாங்குவான்? அவளை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்தவர் அவள் வீட்டுக்காரர். அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியின் லாரி ஓட்டுநர்.

அந்தக் கம்பெனி பந்தயக் கார்களைச் செய்து, பணமும் ஆசையும் உள்ளவர்களுக்கு விற்றுவந்தது. விற்றோம், கையைக் கழுவினோம் என்று இருந்துவிட முடியாது. வாங்கியவர்களில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் குளியலறை டைல்ஸ் விற்கிறவர். ஒரே டீமில் பங்காளிகளாகச் சேர்ந்து தினமும் பங்காளிச் சண்டை போடுகிற அண்ணன் தம்பிகளும் உண்டு. கார் உடைந்தால் இவர்கள் எங்கே போவார்கள்? அதனால் எங்கே பந்தயம் நடந்தாலும் உதிரிப் பாகங்களை ஏற்றிக்கொண்டு கம்பெனியின் நீண்ட லாரி போய் நிற்கும். கூடவே நாலைந்து ஆட்கள். பம்பர் உடைந்தவனும் பிரேக் தேய்ந்தவனும் அந்த லாரியின் சன்னலுக்குத்தான் ஓடிவருவார்கள். ஒருநாள் ஒரு டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, சீட் குத்துகிறது, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று அழாக்குறையாகச் சொன்னார். "என் பொண்டாட்டிகிட்ட குடுங்க சார், எரும மாடே மெத்தைன்னு நெனச்சுப் படுக்கற மாதிரி பண்ணித் தருவா" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு லாரியில் ஏறியவள்தான்.

லாரிக்கு மேலாளர் ஒருவர் இருந்தார். யாருக்கு எதைக் கொடுத்தாலும், "நமக்கு எல்லா டீமும் ஒண்ணுதான்" என்பார். பல் டாக்டருக்கு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால், போய் டைல்ஸ்காரருக்கும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு வருகிற ஆள். அவருக்கு 'ஒண்ணுதான் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு டீம் காரை நிறுத்திப் பழுதுபார்க்கிற பிட்டில் காதில் விழுந்ததை இன்னொரு டீமில் மூச்சுவிடக் கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. அதில் மட்டும் அவர் விளையாடமாட்டார்.

மெத்தையக்காவின் வேலை இதுதான். காரின் சீட் வெறும் கெட்டியான ஓடு. அதற்குள் அந்தந்த டிரைவரின் உடம்புக்கென்று ஓர் உள்சீட் வேண்டும். ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இறங்குகிறவர் தன்னுடையதை உருவிக்கொண்டு இறங்க, ஏறுகிறவர் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அதைச் செய்ய, லாரிக்குள் ஸ்டியரிங்கும் பெல்ட்டும் மாட்டிவைத்திருக்கிற ஓர் ஓட்டுக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, டிரைவரை முழு உடுப்போடு அதன்மேல் உட்காரவைப்பாள். உள்ளே நுரை வெதுவெதுப்பாகப் பொங்கி, முதுகையும் விலாவையும் தொடையையும் சுற்றிக்கொண்டு ஏறும். சில நிமிடத்தில் இறுகிவிடும். அந்தச் சில நிமிடம் உடம்பு எப்படி இருந்ததோ, அதுதான் அச்சு. பிறகு விளிம்பைக் கத்தியால் சீவி, டேப் ஒட்டி முடிப்பாள். ஆளுக்கு இரண்டு உண்டு. ஒன்று காருக்கு, ஒன்று அலமாரிக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அச்சு எடுக்கப்போகிறோம் என்றதும் மனுஷன் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறான். அந்தப் பொய்க்கு நுரை இறுகிவிட்டால், பந்தயத்தின் பாதியில் உடம்பு தன் நிஜத்துக்குத் திரும்பும்போது சீட் முள்ளாய்க் குத்தும். முதல் வருஷம் எத்தனையோ சீட்டை இப்படிக் கெடுத்து, மெத்தையக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். நுரை பொங்க ஆரம்பித்ததும் கேட்பாள்: "வீட்ல கடைசியா யாரோட சண்ட போட்டீங்க?"

அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட சூரனும் நெஞ்சை இறக்கிவிடுவான். பெண்டாட்டியோடு, மாமனாரோடு, மாடி வீட்டுக்காரனோடு என்று ஆரம்பித்து, நியாயம் தன் பக்கம்தான் என்று நிரூபிப்பதற்குள் உடம்பை மறந்து, வீட்டில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருப்பான். நுரை இறுகிவிடும். இப்படி அவள் காதில் விழுந்த குடும்பக் கதைகளுக்கு அளவே இல்லை. ஒன்றையும் அவள் லாரியை விட்டு வெளியே கொண்டுபோனதில்லை. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று பேர் வாங்கியவள் இந்த ஒரு விஷயத்தில் கல்லாக இருந்தாள்.

பந்தயம் முடிந்ததும் டிரைவர்கள் உள்சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். இங்கே இடிக்கிறது, அங்கே அழுத்துகிறது என்று ஒரே புகார். ஜெயித்தவனும் வருவான், தோற்றவனும் வருவான். "மகாராஜா வீட்டுப் புள்ளைங்க, பஞ்சணைல பொறந்ததுங்க" என்று முணுமுணுத்தபடி கத்தியை எடுத்துச் சீவிக் கொடுப்பாள். புகார் சொல்ல வராத டிரைவரை அவள் பார்த்ததே இல்லை.

ஒருவனைத் தவிர.

டைல்ஸ்காரரின் மகன் அவன். மெக்கானிக்குகள் அவனை வாயாடி என்பார்கள். அவனைப் பேசவைக்கக் கேள்வி எதுவும் தேவைப்படவில்லை; பேச்சை நிறுத்தத்தான் தேவைப்பட்டது. இருந்தாலும் பழக்கத்தில், இரண்டாவது சீட்டுக்கு நுரை ஊற்றியபோது கேட்டாள்.

"வேற யாரு, தங்கச்சியோடதான்" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், வெளிய விட்றாதீங்க. அவ என்னைவிட நல்லா ஓட்டுவா. ப்ராக்டிஸ்ல ரெண்டு தடவ என்னை ஓரங்கட்டிட்டுப் போயிட்டா. அப்பா பாக்கல. நானும் சொல்லல. சொன்னா, மறுநாளே என்னை எறக்கிவிட்டு டைல்ஸ் எண்ண அனுப்பிடுவாரு."

"அடப்பாவி. அந்தப் பொண்ணு பாவம்டா."

"இந்த ஒரு வருஷம் மட்டும் ஓட்டிக்கறேன்க்கா. அப்புறம் நானே அப்பாகிட்ட சொல்லி அவளை ஏத்திவிட்டுர்றேன். சத்தியமா."

அந்த வருஷத்தின் முதல் பந்தயத்திலேயே, நனைந்த தடத்தின் வேகமான வளைவில், அவன் கார் சுவரில் மோதியது. மெத்தையக்கா அப்போது கத்தியும் டேப்பும் எடுத்துவைத்து, வாயாடி எப்படியும் நாலு புகாரோடு வருவான் என்று லாரியின் படியில் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். வீட்டுக்காரர் வந்து அவள் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சீட் சரியாகவே தாங்கியிருந்தது, காரிலும் தப்பில்லை, ஈரமும் வேகமும்தான் காரணம் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு மெத்தையக்காவுக்கு ஓர் ஆறுதலும் வரவில்லை. அவளை அரித்தது சீட் அல்ல. சாவு வீட்டுக்குப் போனபோது தங்கையைப் பார்த்தாள். அழாமல், யாரோடும் பேசாமல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது அந்தப் பெண். அவன் சொன்னது மெத்தையக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மகனைப் பறிகொடுத்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிற தகப்பனுக்கு எதிரில், உங்கள் பையன் ஒன்றை மறைத்துவைத்திருந்தான் என்று எந்த வாயால் சொல்வது? பக்கத்தில் ஒண்ணுதான் சார் வேறு. மென்று விழுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இறந்தவரின் சீட்டை நறுக்கி அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. அவள் நறுக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில், மற்றவர்களின் சீட்டுகளுக்கு மேலே, கண்ணில் படாத மூலையில் தனியாக வைத்துவிட்டாள். வெறுமையாகப் பார்க்க மனசு கேட்காமல் ஒரு துணியைப் போர்த்திப் பார்த்தாள். துணி அந்தக் குழிவுக்குள் அமுங்கி, யாரோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஆனது. பதறிப்போய் உருவிவிட்டாள்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். இதற்கு வெயில் போதும். உச்சிவெயிலில் லாரியின் கூரை காய்ந்ததும், மேல்தட்டில் கறக் என்று ஒரு சத்தம் வரும். சூட்டில் நுரை விரிகிற சத்தம். எல்லாச் சீட்டும்தான் போடும். அது அவளுக்குத் தெரியாதா? ஆனால் மற்றவை பொருளைப்போலச் சத்தம் போட்டன. இது, பேச்சை ஆரம்பிக்கப்போகிறவன் தொடையை நகர்த்தி வசதிசெய்துகொள்கிற மாதிரி சத்தம் போட்டது. கறக். பிறகு ஒன்றுமில்லை. அவள் ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். ஒருநாள் தாங்கமுடியாமல், "நீயே போய்ச் சொல்லித் தொலையேன்டா!" என்று கத்திவிட்டாள்.

"யாரோட பேசற?" என்றார் வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரர்.

"யாரோடயும் இல்ல."

அவர் மேல்தட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு வளைவுகளில் அவர் லாரியை முன்னைவிட மெதுவாகத் திருப்புவதை அவள் கவனித்தாள். கேட்டால், வயசாகிவிட்டது என்று சொல்லிவிடுவார். இருவருக்கும் பிள்ளை இல்லை. அந்த இரண்டு வருஷமும் அந்த லாரியில் அவர்கள் மூன்று பேராகத்தான் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, அதே தடத்தில், பந்தயத்துக்கு முதல்நாள் டைல்ஸ்காரர் லாரியின் சன்னலுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பின்னால் மகள், டிரைவரின் உடுப்பில் நின்றாள். கம்பெனியிலிருந்து புதுக் கார் வாங்கியிருக்கிறார். நாளைக்கு மகள் ஓட்டுகிறாள். ஒண்ணுதான் சார் எழுந்து நின்று, கார் வாங்கிய எல்லோருக்கும் சொல்லுகிற அதே வாழ்த்தைச் சொன்னார். டைல்ஸ்காரர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அவனுக்கு நீங்க ரெண்டு சீட் பண்ணீங்களேம்மா. ஒண்ணு காரோட போச்சு. இன்னொண்ணு எங்க?"

அழித்தாயிற்று என்று சொல்ல ஒண்ணுதான் சார் வாயைத் திறந்தார். அதற்குள் மெத்தையக்கா, "இருக்கு" என்றுவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"அதத்தான் இவளுக்குப் போடணும். அவன் முடிக்காத பந்தயத்த, அவன் சீட்ல உக்காந்து இவ முடிக்கணும். அதுக்குத்தான் இந்தக் காரையே வாங்குனேன்."

"எனக்கு ஓகேதான்" என்றாள் மகள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

ஒண்ணுதான் சார் மெத்தையக்காவை லாரியின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? நறுக்கிப் போடச் சொன்னேனா இல்லையா? வேலைக்கே ஒல வச்சுருவீங்க போல."

"எல்லா டிரைவரும் நமக்கு ஒண்ணுதானே சார்."

அவர் சிரிக்கவில்லை. "உக்காத்தி வச்சுப் பாருங்க. பொருந்தாதுன்னு நீங்களே அவருகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு இன்னைக்கே நறுக்கிடணும். நாளைக்குக் காலைல அந்த சாமான் முழுசா என் கண்ணுல படக்கூடாது."

அப்பனுக்கு அது காருக்குள் போக வேண்டும். மேலாளருக்கு அது குப்பைக்குப் போக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் மெத்தையக்காவுக்குத் தாங்காது. ஆனால் அவளுக்கு முன்னால் இப்போது ஒரு முதுகு நின்றுகொண்டிருந்தது. அண்ணனுடையதைவிட ஒடுங்கிய முதுகு. உயிருள்ள முதுகு.

மேல்தட்டிலிருந்து சீட்டை இறக்கிப் பெண்ணை உட்காரவைத்தாள். பெண் காலை நீட்டி, தோளை விரித்து, அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்த்தாள். "கரெக்டா இருக்கு" என்றாள். மெத்தையக்கா அவளுடைய விலாவுக்கும் சீட்டுக்கும் நடுவில் தன் கையை விட்டாள். முழங்கைவரை போனது.

"இங்க பாருங்க சார். இவ்ளோ எடம் கெடக்கு. கார் எங்கயாவது மோதுச்சுன்னா, உடம்பு மொதல்ல இந்த எடத்தத் தாண்டிப் போயித்தான் அடி வாங்கும். சீட்டுங்கறது புடிச்சுக்கணும். இது இவளப் புடிக்காது."

"பஞ்ச வச்சு அடைங்க."

"அடைக்கறதுக்கு இது என்ன தலகாணியா சார்?"

டைல்ஸ்காரரின் முகம் கோணியது. கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை என்று மெத்தையக்கா நினைத்தாள். ஆனால் அவர் கைகூப்பப்போகிறவர்போல நின்றார். "அவன் இதுல இருக்கான்மா" என்றார். "எனக்கு வேற எங்கயும் அவன் இல்ல."

அவளுக்கு அது தெரியாதா? அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

"ஒரே ஒரு தடவ புதுசா ஊத்தறேன் சார்" என்றாள். "ரெண்டுலயும் உக்காந்து பாக்கட்டும். அப்புறம் நீங்க சொல்றதுதான்." அவர் அரைமனதாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

முதல் தடவை ஊற்றியது வீணாய்ப்போனது. உட்கார்ந்ததுமே பெண் இடது தோளைச் சரித்து, தாடையைத் தூக்கி, ஸ்டியரிங்கில் கையை உயர்த்திப் பிடித்தாள். அது வாயாடி உட்காருகிற விதம். எத்தனை வீடியோ பார்த்துப் பழகினாளோ! செத்தவனின் உடம்பை வரவழைத்து அதற்குள் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நுரை இறுகியதும் எடுத்துப் பார்த்தால், அண்ணன் அச்சைச் சின்னதாக்கிவைத்த மாதிரி இருந்தது. மேல்தட்டிலிருந்து இறக்கியது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஒன்றுக்கு இரண்டாகி நின்றன.

"இது ஆகாது."

"ஏன்? நல்லாத்தானே உக்காந்தேன்?"

"நீ எங்க உக்காந்த?"

மற்ற டீம்களுக்குப் போக, இன்னும் ஒருவருக்கு ஊற்றத்தான் திரவம் மிச்சம் இருந்தது. அலமாரிக்கென்று இரண்டாவது செய்ய வழியில்லை. மெத்தையக்கா கலந்து, பையில் ஊற்றி, உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டினாள். பெண் மறுபடியும் இடது தோளைச் சரித்தாள். நுரை பொங்க ஆரம்பித்தது. அப்போது பழக்கதோஷத்தில், யாரிடம் கேட்கிறோம் என்று யோசிப்பதற்குள், அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"வீட்ல கடைசியா யாரோட சண்ட போட்ட?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண் எதிரே இருந்த லாரிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனோட" என்றாள். "அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் சண்டையே போடல."

மெத்தையக்கா பையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"அன்னைக்குக் காலைல போன்ல. எப்பப் பாத்தாலும் நீயே ஓட்டு, உனக்கு ஏதாவது ஆனாத்தான் எனக்குக் கார் கெடைக்கும்னு சொன்னேன். சிரிச்சான். ஹெல்மெட் போடணும், வச்சுர்றேன்னு வச்சுட்டான்." உதடு கோணியது. "இப்ப எனக்குக் கார் கெடச்சிருச்சு."

அவ்வளவுதான். இரண்டு வருஷம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது இடிந்து விழுந்தது. தோள் இறங்கி, முதுகு வளைந்து, பெல்ட்டுக்குள் அந்தச் சின்ன உடம்பு குலுங்கியது. அச்சு எடுக்கும்போது அசையக் கூடாது. மெத்தையக்கா அவள் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அழு. நல்லா அழு. ஆனா எந்திரிச்சுறாத."

நிமிர்ந்தபோது வாசலில் டைல்ஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். மகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். எப்போது வந்தாரோ! அவர் முகத்தைப் பார்த்தால், எல்லாம் காதில் விழுந்திருந்தது.

பக்கத்தில் தரையில் இருந்த பழைய சீட் கறக் என்றது.

வெயில்தான். கூரை காய்ந்திருந்தது. ஆனால் மெத்தையக்கா அத்தனை காலமும் கட்டிக்காத்த விதியை அந்த இடத்திலேயே உடைத்தாள். "இந்த எடத்துல உக்காந்து அவன் என்கிட்ட ஒண்ணு சொன்னான்" என்றாள். "வெளிய சொல்லாதீங்கன்னான். இவ்ளோ நாள் சொல்லாம இருந்தது என் தப்பு. தங்கச்சி என்னைவிட நல்லா ஓட்டுவான்னான். ப்ராக்டிஸ்ல ரெண்டு தடவ என்னை ஓரங்கட்டிட்டான்னான். இந்த வருஷம் முடிஞ்சதும் நானே அப்பாகிட்ட சொல்லி அவளை ஏத்திவிடறேன், சத்தியமான்னான்."

ஆறுதலுக்காகக் கட்டிய கதை என்று நினைத்துவிட்டார்களோ என்று அவளுக்குப் பயம் வந்தது. சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையா சொன்னான்?"

"ரெண்டு தடவன்னுதான் சொன்னான்."

"மூணு தடவ" என்றாள் பெண். "திருட்டுப் பய. ஒண்ணக் கொறச்சுட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணீர் ஒழுக ஒழுக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அண்ணனைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். இடது தோள் சரியவில்லை. தாடை உயரவில்லை. அவள் அவளாகவே உட்கார்ந்திருந்தாள். நுரை இறுகியது.

டைல்ஸ்காரர் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டில் கையிலேயே இருந்தது. "இவ ஓட்டறத நான் ஒரு தடவகூட நின்னு பாத்ததில்ல" என்றார், யாரிடமென்றில்லாமல். பிறகு திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "புதுசயே போடுங்கம்மா."

பழைய சீட்டை என்ன செய்வது? நறுக்க வேண்டும் என்று கட்டளை. மெத்தையக்கா கத்தியை எடுத்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை வரவில்லை. வீட்டுக்காரர் வந்தார், பார்த்தார், கத்தியை வாங்கினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய அதே கத்தி. சீட்டின் மேல்விளிம்பில் விரல் பருமனுக்கு ஒரு துண்டை மட்டும் அறுத்தெடுத்தார்.

"நறுக்கியாச்சு" என்றார். "முழுசா கண்ணுல படக்கூடாதுன்னுதானே சொன்னாரு? இப்ப இது முழுசா இல்ல."

பாம்புக்கும் நோகாமல், அடித்த கோலுக்கும் நோகாமல் காரியம் பார்ப்பதில் லாரிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒண்ணுதான் சார் கேட்டபோது மெத்தையக்கா அந்தத் துண்டைக் காட்டி, "நறுக்கிட்டோம் சார்" என்றாள். அவர் துண்டைப் பார்த்தார். வெளியே, டைல்ஸ்காரர் தன் சொந்தக் காரின் முன்கதவைத் திறந்து எதையோ பத்திரமாக உட்காரவைத்து, அதன்மேல் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிற மனுஷன் அன்றைக்கு ஒருவரை மட்டும் தனியாகப் பார்த்தார்.

மறுநாள் பந்தயம். மெத்தையக்கா லாரிக்குள் ஒரு பெல்ட் உறையைத் தைக்க எடுத்து, தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். லாரிக்குப் பின்பக்கம்தான் அந்த வளைவு. ஒவ்வொரு முறையும் கார்கள் வந்து, சத்தம் தாழ்ந்து, வளைவைக் கடந்ததும் மறுபடி எழும். தாழும்போதெல்லாம் அவள் மூச்சு நின்றது. எழும்போது வந்தது.

உச்சிவெயில் ஏறியது. கூரை காய்ந்தது. மேல்தட்டு வெறுமையாக இருந்தது. பெண்ணுக்கென்று அங்கே வைக்க இரண்டாவது சீட்டும் இல்லை. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்தக் கறக்குக்குப் பயந்து பயந்து செத்தவள், இப்போது அது வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாத மேல்தட்டு அதைவிடப் பயமாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டானா? தங்கச்சியை ஏற்றிவிட்டுப் போய்விட்டானா? எங்கே ஏற்றிவிட்டான்? அவள் உடம்புக்கு அச்சென்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது அந்தக் காருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. "டேய், கூடவே இருடா" என்று மேல்தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

ஒருமுறை தாழ்ந்த சத்தம் எழவில்லை. டயர் கிறீச்சிட்டது. வெளியே யாரோ கத்தினார்கள். மெத்தையக்கா கையிலிருந்த உறையைக் கீழே போட்டாள். வீட்டுக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "பல் டாக்டர் கார். சுத்தி நின்னுடுச்சு, ஒண்ணும் ஆகல" என்றார். அவள் கத்தியையும் டேப்பையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்துவைத்ததுமே, அன்றைக்கும் இப்படித்தான் எடுத்துவைத்தோம் என்று ஞாபகம் வந்தது. திரும்ப வைத்துவிடலாமா என்று நினைத்தாள். வைக்கவும் பயமாக இருந்தது.

அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, பந்தயம் முடிந்து கார்ச் சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. வாசலை அடைத்துக்கொண்டு ஓர் உருவம், முகமெல்லாம் வேர்வை, தலைமுடி ஒட்டிப்போய், கக்கத்தில் உள்சீட்டை இடுக்கிக்கொண்டு நின்றது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள் பெண். "எடது தோள்கிட்ட வலி உயிர் போகுது. தொடைகிட்ட வேற இடிக்குது. இதுல எப்படிக்கா மனுஷங்க உக்காருவாங்க?"

மெத்தையக்கா சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது. கத்தியை எடுத்தாள். ஒரு கோடு கோணலாகப் போனது. கண்ணை மறைத்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மகாராஜா வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுகிற வழக்கமான வசவு ஒன்றும் அன்றைக்கு வாயில் வரவில்லை.

"வேற எங்க குத்துது?" என்றாள். "சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."